குறைந்த பட்ஜெட்டில் வீட்டுக்கு ஒரு பிசி: படம் பார்க்க, கேம் ஆட

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். பதில் சொன்ன இரண்டாவது நிமிடம் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். அதில் கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு இருக்கும், விளக்கு போட்ட கேபினட் இருக்கும். உங்கள் வீட்டில் என்ன டிவி இருக்கிறது, நீங்கள் என்ன கேம் ஆடுவீர்கள் என்பதற்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இருக்காது.

பெரும்பாலானவர்கள் "ஐ5-ஆ, ஐ7-ஆ" என்று பிராசஸரிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். தலைகீழாக யோசித்தால்தான் காசு மிஞ்சும். முதலில் திரை, அடுத்து கேம், அந்த இரண்டும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிக்கும். பிராசஸர், ராம் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஈடுகொடுத்தால் போதும். இந்த வழிகாட்டி அதே வரிசையில்தான் போகிறது.

படம் மட்டும்தானா?

கேம் பெரிதாக ஆடப் போவதில்லை, ஓடிடி பார்க்கத்தான் என்றால் பிசி வாங்கவே வேண்டாம். டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்று அந்த வேலையை இன்னும் சுலபமாகச் செய்யும். கம்ப்யூட்டரில் நெட்ஃப்ளிக்ஸை 4கே-வில் பார்க்க விண்டோஸ் வேண்டும், எட்ஜ் பிரவுசரோ நெட்ஃப்ளிக்ஸின் சொந்த ஆப்போ வேண்டும், திரை எச்டிசிபி 2.2 என்ற காப்பிப் பாதுகாப்பை ஏற்க வேண்டும், பிரீமியம் பிளான் வேறு. இதில் ஒன்று குறைந்தாலும் படத்தின் தரம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். எங்கேயும் எச்சரிக்கை வராது, நீங்களும் 4கே-தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிசி ஜெயிக்கும் இடம் வேறு. ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்த படங்கள், எந்த ஃபார்மட்டாக இருந்தாலும் ஓடும் விஎல்சி, பிள்ளைகளின் பிராஜெக்ட் வேலை, அப்புறம் கேம். இத்தனையும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

திரை

ஹால் டிவியில் இணைக்கப் போகிறீர்களா, மேஜையில் மானிட்டர் வைக்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரியாமல் கார்டு வாங்கினால் ஒன்று காசு வீண், இல்லையென்றால் கேம் திணறும்.

சாதாரண விலை 4கே டிவிகளில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸ். அதில் விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. பட்ஜெட் கார்டு எதுவும் புதிய கேம்களை 4கே-வில் ஓட்டாது, ஆனால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. 1080பி-யின் ஒரு பிக்சல் 4கே-வின் நான்கு பிக்சல் இடத்தில் சரியாகப் பொருந்திவிடும் என்பதால், டெஸ்க்டாப்பை 4கே-விலும் கேமை 1080பி-யிலும் வைத்துக்கொள்ளலாம். சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதியையும் போட்டுவிட்டால் சோபா தூரத்திலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. டிவி செட்டிங்ஸில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் பட்டனை அழுத்தி ஒரு நொடி யோசித்துத்தான் ஆள் குதிப்பான். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், டிவியில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை "பிசி" என்று மாற்றிப் பாருங்கள், பல டிவிகளில் பளிச்சென்று ஆகிவிடும்.

மேஜைக்கு என்றால் 24 இஞ்ச், 1080பி, ஐபிஎஸ் பேனல், 100 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல். 27 இஞ்சில் 1080பி வேண்டாம், எழுத்துகள் பொரபொரப்பாகத் தெரியும். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவி, மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டும் கடையில் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் பின்னால் வருந்தும் விஷயம் ஒன்று உண்டு. பிசியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு, டிவியின் ஏஆர்சி (ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக சவுண்ட்பாருக்கு என்று இணைத்தால், கேமின் 5.1 ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கித்தான் போகும். சுருக்கப்படாத ஒலியில் ஸ்டீரியோவுக்கு மேல் ஏஆர்சி தாங்காது. டிவியிலும் பாரிலும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

என்ன ஆடப் போகிறீர்கள்?

ஒரு தாளில் ஐந்து கேம் எழுதுங்கள். என்றாவது ஆடலாம் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள், இந்த வருஷம் நிச்சயம் ஆடப் போவதை மட்டும் எழுதுங்கள்.

வேலோரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட், பழைய ஜிடிஏ 5 என்று பட்டியல் வந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே சமாளிக்கலாம். சைபர்பங்க் 2077, ஃபோர்ஸா ஹொரைசன் 5 மாதிரி வந்தால் 8 ஜிபி கார்டு வேண்டும். பிஜிஎம்ஐ ஆடத்தான் பிசி என்று பையன் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது மொபைல் கேம், எமுலேட்டரில் ஆடினால் அக்கவுன்ட் பேன் ஆகும் ஆபத்து உண்டு. பிசிக்கு வருவது பப்ஜி, ஸ்டீமில் 2022 ஜனவரியிலிருந்து இலவசம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு.

வேலோரண்ட் ஆடுபவர்களுக்கு ஒரு நிபந்தனை: விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருந்தால்தான் கேம் திறக்கும். லினக்ஸில் ஓடவே ஓடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும்) வசதி சிப்பிலேயே இல்லாத கார்டில் திறக்காது. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும், இனி வரப்போவதில் எத்தனை ஓடும் என்பதுதான் கேள்வி.

கிராபிக்ஸ்: காசு போக வேண்டிய இடம்

மானிட்டரைத் தவிர்த்து, செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 35 முதல் 40 பைசா கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. அவ்வளவு ஒதுக்க முடியாது என்றால் கார்டே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மலிவு கார்டுகள்தான் மோசம்.

கார்டு இல்லாத வழி: ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசஸர். 2021-இல் வந்தது, 6 கோர், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். வேலோரண்ட், சிஎஸ் 2 எல்லாம் 1080பி-யில் குறைந்த செட்டிங்கில் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5-ஐயும் நடுத்தர செட்டிங்கில் ரசித்து ஆடலாம். யூடியூப் 4கே-வும் பிரச்சினையில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் ராம் விஷயத்தில் ஏமாறக் கூடாது. 5600ஜி-யின் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் ராமின் வேகமே கிராபிக்ஸின் வேகம். ஒரே 16 ஜிபி குச்சியைப் போட்டால் ராமுக்கும் சிப்புக்கும் நடுவில் பாதி வழிதான் திறந்திருக்கும். 8 ஜிபி குச்சி இரண்டு போட்டால் முழு வழியும் திறக்கும், ஃபிரேம் எண்ணிக்கை கண்கூடாக ஏறும். "இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். கார்டு போடும் ஆளுக்கு அது பொருந்தலாம், 5600ஜி வாங்கும் ஆளுக்குப் பொருந்தாது. அப்புறம், 16 ஜிபி போட்டும் விண்டோஸ் அதைவிடக் குறைத்துக் காட்டுகிறதே என்று பதற வேண்டாம், மிச்சத்தைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்.

இதைவிடப் புதியது 8600ஜி, அதன் கிராபிக்ஸும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஏஎம்5 என்ற புதிய சாக்கெட் உள்ள போர்டும் டிடிஆர்5 ராமும் வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகைக்கு மலிவான பிராசஸரோடு தனி கார்டே பெரும்பாலும் வந்துவிடும்.

கார்டு போடும் வழி: 1080பி-க்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600-தான் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது. 2021-இல் வந்தது, 8 ஜிபி, சுமார் 132 வாட்தான் இழுக்கும், புதிதும் பழையதும் கிடைக்கும். கொஞ்சம் மேலே போக முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060. மூன்றாவதாக இன்டெல் ஆர்க் பி580: 12 ஜிபி தருகிறது, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகும் வசதி) உள்ள போர்டும் ஓரளவு நல்ல பிராசஸரும் இல்லாவிட்டால் அதன் வேகம் வராது. 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி வடிவம் எட்டினால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் அது "பட்ஜெட்" என்ற சொல்லின் விளிம்பில் நிற்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத இரண்டு கார்டுகளைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று நினைப்பீர்கள். 6 ஜிபி வகையில் கோர்கள் 2560-இலிருந்து 2304 ஆகக் குறைந்திருக்கும், மெமரி பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆக ஒடுங்கியிருக்கும். அது பயன்படும் இடம் ஒன்றுதான்: 70 வாட்தான் இழுக்கும் என்பதால் தனி பவர் கேபிள் இல்லாத பழைய ஆபீஸ் பெட்டிக்குள்ளும் பொருந்தும். இன்னொன்று ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. எஸ்பி என்பது கார்டின் கோர், அசல் 580-இல் 2304 எஸ்பி. 2048 என்று இருந்தால் அது 570-இன் சிப், ஸ்டிக்கர் மட்டும் 580. இவற்றில் பல கார்டுகள் கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக உழைத்துக் களைத்தவை.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பெயரும் எண்களும் பொருந்துகின்றனவா பாருங்கள், கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை ஒரு இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். "டைம் இல்ல சார், ஓடுது பாருங்க" என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பிராசஸர், போர்டு

இங்கே சீக்கிரம் முடித்துவிடலாம். 8 ஜிபி கார்டோடு சேர்க்க இன்டெல் ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600 போதும், இரண்டும் 6 கோர். இன்னும் சிக்கனம் என்றால் ஐ3-12100எஃப். இன்டெல் எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் நான் எஃப் இல்லாததையே எடுப்பேன். கார்டு சர்வீஸுக்குப் போனால் ஒரு மாதம் வீடே இருண்டு போகாது, படமாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ரைசன் 5600 பொருந்தும் பழைய சாக்கெட்டான ஏஎம்4 வாங்குவதா, புதிய ஏஎம்5 வாங்குவதா என்ற விவாதத்தில் நிறையப் பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஏஎம்5-இல் நாளைக்குப் புது பிராசஸர் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் பட்ஜெட்டில் வாங்குகிறவர் ஐந்து வருஷம் கழித்துத்தான் மாற்றுவார், அதற்குள் போர்டும் மாற்றும் காலம் வந்துவிடும். மிச்சமாகும் காசைக் கார்டில் போடுங்கள்.

போர்டில் பார்க்க வேண்டியது வைஃபை, புளூடூத். குறைந்த விலை போர்டுகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது, கேம் கன்ட்ரோலரை இணைக்கும்போதுதான் தெரியவரும். யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிச் சமாளிக்கலாம்.

ராம், எஸ்எஸ்டி

2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதன் விளைவு. அதனால் முன்பு எழுதப்பட்ட பட்ஜெட் பட்டியல்களை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள், கணக்கு இடிக்கும். 16 ஜிபி போதும். 32 வேண்டும் என்று யூடியூபில் சொல்வதை இப்போதைக்குக் காதில் வாங்க வேண்டாம். பழைய டிடிஆர்4 ராம் வாங்கத் தயங்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் பாகங்களில் அவ்வளவு சீக்கிரம் கெடாதது அதுதான். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதும்.

எஸ்எஸ்டி 1 டிபி, போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை. இன்றைய பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது, 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும். படங்களுக்கு வேண்டுமானால் பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம், கேமை அதில் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ், கரண்ட், எர்த்

கொட்டேஷனில் எல்லா வரியிலும் மாடல் நம்பர் இருக்கும். எல்லா பாகத்துக்கும் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் வரியில் மட்டும் "450 வாட்" என்று மொட்டையாக எழுதியிருக்கும். அந்த வரியில்தான் கடையின் லாபம் ஒளிந்திருக்கிறது. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் 450 வாட் என்று எழுதிக்கொள்ளும், சுமை ஏறினால் கேம் நடுவில் அணைந்துவிடும். அதோடு போனால் பரவாயில்லை, சில சமயம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெயர் தெரிந்த பிராண்டில் மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) தரத்தில் 550 வாட், மாடல் நம்பரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மேலே சொன்ன கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

ஆர்எக்ஸ் 6600 போட்ட பெட்டி கேம் ஓடும்போது மொத்தமாக 250 வாட்டை ஒட்டி இழுக்கும். நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட். தினமும் ஆடும் வீட்டில் இரண்டு மாத ஈபி பில்லில் சுமார் 60 யூனிட் கூடும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உண்மையான திறன் 360 வாட்தான். சில நிமிஷம் தாங்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால் அதில் "யுபிஎஸ்" மோடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பெட்டியின் இரும்பில் கை பட்டால் "ஜிவ்" என்று லேசாக இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று பின் இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாகாது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபார்த்த பிறகே கார்டைச் செருகுங்கள்.

கேபினட்டுக்கு முன்பக்கம் வலை இருக்க வேண்டும், மின்விசிறி இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். முன்னால் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் சென்னை மே மாதத்தில் அடுப்புதான்.

"ஐ7, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டோட 15 ஆயிரம்"

இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது 3770. அதாவது 2011, 2012 சரக்கு. இன்டெல் எண்ணில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் ஒன்றிரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 3770 என்றால் 3-ஆம் தலைமுறை, 12400 என்றால் 12-ஆம் தலைமுறை. மூன்றாம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, புதிய கேம்கள் சில திறக்கவே மறுக்கும். விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் அது இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கூடவே வரும் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகள் 2014 காலத்தவை, திரையில் படம் காட்டும், அவ்வளவுதான்.

ரீஃபர்பிஷ்டு வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளில் 8-ஆம் தலைமுறை ஐ5-8500 கிடைத்தால், கையில் காசு குறைவாக இருப்பவருக்கு நல்ல தொடக்கம், விண்டோஸ் 11-ம் ஏற்கும். ஆனால் ஒல்லியான பெட்டி வேண்டாம், டவர் வடிவம் கேளுங்கள். ஒல்லிப் பெட்டியில் குட்டை கார்டுதான் நுழையும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரே வேறு மாதிரி, வெளியே வாங்கி மாற்றுவது சிரமம். ஆகவே முன்பு சொன்ன 70 வாட் 3050 மாதிரி கார்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடையில்

மூன்று கடையில் ஒரே பட்டியலுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். ஆன்லைன் விலையையும் போனில் வைத்திருங்கள். மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள், வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒரு கடையில் மொத்தம் 2,000 குறைந்தால் ராமோ எஸ்எம்பிஎஸ்ஸோ வேறு மாடலாக மாறியிருக்கும். "அந்த மாடல் ஸ்டாக் இல்ல சார், இது அதைவிட பெட்டர்" என்றால் உடனே தலையாட்டாமல் மாடல் நம்பரைக் கேட்டு வாங்கி அங்கேயே தேடிப் பாருங்கள்.

பிராசஸர் சீல் பிரிக்காத டப்பாவில் வர வேண்டும். டப்பா இல்லாமல் "டிரே" என்று தருவது விலை குறையும், ஆனால் கம்பெனியின் மூன்று வருஷ வாரன்டி அதற்குக் கிடைக்காது, கடைக்காரர் வார்த்தைதான் வாரன்டி. ஜிஎஸ்டி பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். எல்லாம் ஒரே கடையில் வாங்கினால் பெரும்பாலும் அவர்களே மாட்டித் தருவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ராம் குச்சிகள் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டப் போவார்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்று

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் செருகாதீர்கள். "கார்டு போட்டும் கேம் தடுக்குது" என்று வரும் புலம்பல்களில் பாதிக்கு இதுவே காரணம். அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வருஷக் கணக்கில் 60-இல் ஓட்டும் வீடுகள் உண்டு.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். ராம் டப்பாவில் 3200 என்று இருந்து அங்கே 2400, 2666 என்று காட்டினால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போடவில்லை. போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த கேமை ஒரு மணி நேரம், ஃபேன் சுழலும் அறையில், ஏசி போடாமல் ஆடுங்கள். கார்டின் வெப்பம் 80, 82 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 90-ஐத் தொட்டால் கேபினட்டின் முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று ஒரு தாள் துண்டைக் காட்டிப் பாருங்கள். திருப்பி மாட்டியிருந்தால் மறுநாளே கடைக்கு எடுத்துப் போங்கள். எல்லா டப்பாக்களையும் பில்லையும் பரணில் போட்டு வைக்கலாம், வாரன்டி முடியும்வரை பழைய பேப்பர்காரரிடம் கொடுக்க வேண்டாம்.